பதினாறுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவே

சென்ற மார்ச் மாதத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை, டாலஸ் நகருக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள லேக் ஃபோர்க் ஏரியில், என் அப்பா முதன்முதலாக ஒரு பாஸ் மீனைப் பிடித்தார். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் அறுபது ஆண்டுகளாகத் தூண்டில் போட்டவர் அவர். மீன் இரண்டு முறை நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியபோதும் பதறாமல், தூண்டில் நரம்பைத் தளரவிடாமல் படகுக்கு அருகே கொண்டுவந்துவிட்டார். நான் அதைக் கைவலையில் ஏந்தி, அளவுப் பலகையில் வைத்துப் பார்த்து, இருபது அங்குலம் என்று சொல்லி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, தண்ணீரில் விட்டுவிட்டேன்.

அப்பா சிறிது நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பிடிச்ச மீனை விடுறதுக்கு எதுக்குடா விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பின?"

அன்று படகில் வைத்து நான் சொன்ன பதில் அரைகுறையானது. சட்டம் அப்படி என்றேன். சட்டம் என்பது அப்பாவுக்கு என்றைக்கும் ஒரு பதிலாக இருந்ததில்லை. அவர் ஊர் திரும்பிய பிறகு அந்தக் கேள்வியைப் பலமுறை நினைத்துப் பார்த்து, இப்போது அதற்குரிய பதிலை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த மீன் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாஸ் மீனைப் பிடிப்பதில் பாதி வேலை தூண்டிலை எறிவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பாஸ் துரத்தி வேட்டையாடும் மீன் அன்று. மூழ்கிய மரம், பாசிப் பற்றையின் விளிம்பு, படகுத்துறையின் நிழல் என்று ஏதேனும் ஒரு மறைவில் அசையாமல் நின்று, இரை வாய்க்கு எட்டும் தூரத்தில் வரும்போது ஒரே பாய்ச்சலில் கவ்வி உள்ளிழுத்துக்கொள்ளும். நம் விராலின் குணமும் ஏறத்தாழ இதுதான். நாங்கள் பிடிக்கப் போவது லார்ஜ்மவுத் பாஸ் என்னும் வகை. வாயை மூடினாலும் மேல்தாடையின் முனை கண்ணைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கும் அளவுக்குப் பெரிய வாய் என்பதால் வந்த பெயர். பாறையும் ஓட்டமும் உள்ள ஆறுகளை விரும்பும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற உறவுக்கார மீனும் உண்டு. அதன் தாடை கண்ணைத் தாண்டாது.

மறைவு எது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த ஆழத்தில் உள்ள மறைவு என்பதையும் கணிக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது நீரின் வெப்பம். குளிர்காலத்தில் மீனின் உடல் மந்தமாகி, ஆழத்தில் கிடந்து, எப்போதாவது ஒருமுறை உண்ணும். கோடையில் மேல்நீர் சூடாகி, பகல் முழுவதும் ஆழத்திற்கோ அடர்ந்த நிழலுக்கோ போய்விடும். நடுவே, நீர் 15, 16 டிகிரி செல்சியஸை எட்டும் இளவேனிலில்தான் அது முட்டையிடக் கரையோரம் வரும். அன்று காலை என் படகின் வெப்பமானி 16 காட்டியது. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "இதையா சூடுங்கிற?" என்று அப்பா கேட்டார்.

இந்தக் காலத்தில் ஆண் மீன் கரையோரத்தில், இடுப்பளவோ ஆளுயரமோ உள்ள நீரில், வாலால் மண்ணை விலக்கிக் கிண்ணம்போல ஒரு குழி அமைக்கும். பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் முட்டைகளையும் குஞ்சுகளையும் காப்பது முழுக்க ஆணின் பொறுப்பு. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக நீர்மட்டத்தில் புரளும் இடத்திற்குக் கீழே விரால் காவல் நிற்கும் என்பதும், அங்கே தவளையைப் போட்டால் பசிக்காக இல்லாவிட்டாலும் கோபத்திற்காகவே அது கவ்வும் என்பதும் அவர் எனக்குச் சிறுவயதில் கற்றுக்கொடுத்த பாடம்.

முட்டையிடும் நேரத்திற்குக் காத்திருக்கும் பெண் மீன்கள் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, அடிநிலம் சட்டென்று இறங்கும் இடங்களில் நிற்கும். அப்படி ஒரு சரிவின் ஓரத்தில் இரண்டு பட்ட மரங்கள் நீரிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே எறியச் சொன்னேன். அப்பாவின் கம்பில் நான் கட்டிக் கொடுத்திருந்தது ஊதா நிறப் பிளாஸ்டிக் புழு. இதற்கும் ஒரு கதை உண்டு. 1949ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் தம் வீட்டு அடுப்படியில் வார்த்தெடுத்ததுதான் மென்பிளாஸ்டிக் புழுக்களின் தொடக்கம். அவருடைய நிறுவனம் பிற்பாடு டெக்ஸஸின் டைலர் நகருக்கு வந்து சேர்ந்தது. அது லேக் ஃபோர்க்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. நரம்பில் துப்பாக்கி ரவை வடிவ ஈயம் ஒன்றைக் கோத்து, தூண்டில் முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிடும் கட்டுக்கு டெக்ஸஸ் ரிக் என்று பெயர். நுனி மறைந்திருப்பதால் மரக்கிளையிலும் பாசியிலும் சிக்காது. மீன் கவ்வியதை உணர்ந்து சுண்டி இழுக்கும்போதுதான் முள் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளிவந்து தைக்கும்.

உயிரில்லாத புழுவை மீன் எப்படித் தின்னும் என்று அப்பா நம்ப மறுத்தார். ஆனால் தக்கையே இல்லாமல், நரம்பை விரலில் தாங்கி, அடியில் ஈயம் மரத்தின் மேல் ஏறி இறங்குவதைக் கையாலேயே பார்க்கும் அந்த முறையை ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். எனக்கு அதற்கு ஒரு முழுப் பருவம் தேவைப்பட்டது. "ஏதோ லேசா தட்டுச்சு" என்றவர் அடுத்த நொடி கம்பை உயர்த்தினார்.

படகுக்குள் வந்தது ஐந்து பவுண்டை ஒட்டிய பெண் மீன். நம் கணக்கில் இரண்டே கால் கிலோ. வயிற்றைப் பார்த்ததும், "சினை மீன்டா" என்றார் அப்பா. அதன் வாய்க்குள் கட்டை விரலை விட்டுக் கீழ்த்தாடையைப் பிடிக்கச் சொன்னபோது தயங்கினார், விராலின் பல் பட்ட அனுபவம் அது. பாஸின் பற்கள் உப்புத்தாள்போலச் சொரசொரப்பாக இருக்குமே தவிரக் கடித்துக் கிழிப்பவை அல்ல. பெரிய மீனாக இருந்தால் வயிற்றுக்கு அடியில் இன்னொரு கையையும் கொடுக்க வேண்டும், முழு எடையும் தாடையில் தொங்கினால் அது பழுதாகிவிடும். கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும் என்பது மற்றொன்று. உலர்ந்த கை, மீனின் மேல் உள்ள வழுவழுப்பை உரித்தெடுத்துவிடும், அந்த வழுவழுப்புதான் நோய்களிலிருந்து அதற்குள்ள காப்பு.

இனி அந்தச் சட்டம். லேக் ஃபோர்க்கில் ஒருவர் ஒரு நாளில் ஐந்து பாஸ் மீன்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 16 அங்குலம் வரை உள்ள மீனையோ, 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள மீனையோதான் வைத்துக்கொள்ள முடியும். பின்னதில் ஒன்றே ஒன்றுதான். இடைப்பட்ட மீன் எதுவானாலும் உடனே நீருக்குத் திரும்ப வேண்டும். அளப்பதற்கும் முறை உண்டு: மீனின் வாயை மூடி, வாலின் இரு பிரிவுகளையும் சேர்த்து அழுத்தி, முனைக்கு முனை பார்க்க வேண்டும். பெரியதைப் பிடி, சின்னதை விடு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, சின்னதை எடுத்துக்கொள், நடுத்தரத்தை விடு என்ற விதி வினோதமாகத்தான் ஒலிக்கிறது.

அப்பாவின் நியாயம் இதற்கு நேர் எதிரான ஓர் உலகத்திலிருந்து வருகிறது. எங்கள் பக்கத்துக் கண்மாய் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, மதகு வழியாக வயலுக்குப் போய், பங்குனி தாண்டும்போது முழங்கால் அளவுக்கு வற்றிவிடும். அப்போது ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள்; அந்த நொடியே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுப்பட்டு ஊர்களின் மொத்த ஜனமும் சேற்றில் இறங்கும். மீன்பிடித் திருவிழா என்று செய்தித்தாள்கள் படம் போடுவது அதைத்தான். அங்கே விராலையோ கெண்டையையோ கெளுத்தியையோ விட்டுவைப்பது கருணை ஆகாது. இன்னும் இரண்டு வாரத்தில் அந்தத் தண்ணீரே இருக்காது. "நாம விட்டா கொக்கு தின்னும். கொக்குக்காகவா தூண்டில் போட்டோம்?" என்று அப்பா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஆண்டுதோறும் முடிவுக்கு வந்து ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும் நீர்நிலையில், அந்தந்த ஆண்டின் மீனை அந்தந்த ஆண்டே பிடித்து ஊரே பங்கிட்டு உண்பதுதான் சரியான நிர்வாகம்.

லேக் ஃபோர்க் வேறு வகையான தண்ணீர். சபீன் ஆற்றின் கிளை ஓடை ஒன்றைத் தடுத்து 1980இல் கட்டி முடித்த அணையின் பின்னே, சுமார் 27,000 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. டாலஸ் நகரம் குடிநீர் எடுக்கும் ஏரிகளில் இதுவும் ஒன்று. வறட்சியில் சில அடி இறங்கும், வற்றாது. ஏரி நிரம்புவதற்கு முன்பே, அந்த நிலத்தில் இருந்த குட்டைகளில் ஃபுளோரிடா வகை பாஸ் குஞ்சுகளை மாநில மீன்வளத் துறையினர் விட்டு வளர்த்தார்கள். அந்த வகை இங்குள்ள வடக்கத்தி வகையைவிடப் பெரிதாக வளரக்கூடியது. காட்டு மரங்களையும் பெரும்பகுதி வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். நீர் ஏறியபோது மீனுக்கு வீடும் இரையும் தயாராக இருந்தன. ஏரி திறந்த காலத்திலிருந்தே இடைப்பட்ட அளவு மீன்களைக் காக்கும் விதியும் இருந்தது, எண்கள் மட்டும் பின்னால் மாறின.

விளைவு ஆறே ஆண்டுகளில் தெரிந்தது. 1986 நவம்பரில் மார்க் ஸ்டீவன்சன் என்ற வழிகாட்டி இங்கே 17.67 பவுண்டு பாஸ் ஒன்றைப் பிடித்து உயிரோடு ஒப்படைத்தார். எதெல் என்று பெயரிடப்பட்ட அந்த மீனோடுதான் ஷேர்லங்கர் என்ற மாநிலத் திட்டம் தொடங்கியது. இப்போது ஜனவரி முதல் தேதியிலிருந்து மார்ச் கடைசி வரை 13 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள மீனைப் பிடிப்பவர்கள் அதை அரசுக்கு இரவல் கொடுக்கலாம்; ஏதென்ஸ் என்ற சிற்றூரில் உள்ள மீன் பண்ணையில் அதன் முட்டைகளிலிருந்து குஞ்சு பொரிக்கச் செய்து, தாயைத் திரும்ப அதன் ஏரியிலேயே கொண்டுவந்து விடுவார்கள். 1992 ஜனவரியில் பாரி செயின்ட் கிளேர் பிடித்த 18.18 பவுண்டு மீன்தான் இன்றுவரை டெக்ஸஸ் மாநிலச் சாதனை, அதுவும் லேக் ஃபோர்க் மீனே. அன்று அவர் தேடிப் போனது பாஸை அல்ல, கிராப்பி என்னும் சிறு மீனை.

இந்தப் பெரிய மீன்கள் எல்லாமே ஏறத்தாழ பெண்கள். ஆண் பாஸ் அந்த அளவுக்கு வளர்வதில்லை. அத்தகைய எடையை எட்ட எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளின் நடுப்பகுதி, அதாவது வாணலிக்கு ஆசைப்பட வைக்கும் அளவில் அது நீந்தித் திரியும் காலம், 16க்கும் 24க்கும் இடையில்தான் கழிகிறது. அப்பா பிடித்த மீன் அந்தப் பாதையில் பாதிக்கு மேல் வந்துவிட்ட ஒன்று. கண்மாயில் விட்டுவைத்த மீனுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது, இங்கே உண்டு. அப்பாவின் கேள்விக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இவ்வளவுதான்.

பிடித்ததை விடும் வழக்கம் அமெரிக்காவிலும் பாஸ் மீனைப் பொறுத்தவரை பழைய வழக்கம் அன்று. 1932 ஜூன் 2ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயி 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள லார்ஜ்மவுத் பாஸைப் பிடித்தார். அந்த உலகச் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. பஞ்ச காலம், எடை போட்டுப் பதிவு செய்துகொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். அப்பா அங்கே இருந்திருந்தால் மனப்பூர்வமாகத் தலையசைத்திருப்பார். மனம் மாறியது நாற்பது ஆண்டுகள் கழித்து. அலபாமாவைச் சேர்ந்த காப்பீட்டு விற்பனையாளர் ரே ஸ்காட், 1967இல் ஆர்க்கன்சாவின் பீவர் ஏரியில் ஒரு பாஸ் போட்டியை நடத்தி, மறு ஆண்டு அதற்கென ஓர் அமைப்பையே தொடங்கினார். போட்டியாளர்கள் மீன்களை உயிரோடு கொண்டுவந்து எடைபோட்டுவிட்டு விடவேண்டும் என்ற வழக்கத்தை 1972இல் அவர்தான் புகுத்தினார். காற்றூட்டப்பட்ட தண்ணீர்த் தொட்டிகள் பாஸ் படகுகளில் கட்டாயமாக இடம்பெறத் தொடங்கியது அதையொட்டித்தான்.

ஆனால் விடுவது எங்கும் எப்போதும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1925இல் அஷி ஏரியில் கொண்டுவந்து விடப்பட்ட லார்ஜ்மவுத் பாஸ், அந்நாட்டின் மிகப் பெரிய ஏரியான பீவாவரை பரவி, உள்ளூர் மீன்களைத் தின்று பெருகியது. ஃபுனாசூஷி என்னும் புளித்த மீன் உணவுக்கு வேண்டிய நிகோரோபுனா என்ற கெண்டை இனம் அருகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக்கூடாது என்று ஷிகா மாகாணம் 2003இல் விதியே கொண்டுவந்தது. இதில் ஒரு விசித்திரம்: 2009 ஜூலை 2ஆம் தேதி அதே பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் 10.12 கிலோ பாஸைப் பிடித்தார். பெர்ரியின் மீனைவிட எடை ஓர் அவுன்சுக்கும் சற்றுக் குறைவாகவே கூடுதல். சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்சாவது கூட வேண்டும் என்பதால் இருவரும் சமம் என்று பதிவானது. ஒரு நாட்டில் அரசே தாலாட்டி வளர்க்கும் மீன், இன்னொரு நாட்டில் ஒழிக்கப்பட வேண்டிய மீன். லேக் ஃபோர்க்கிலும் எதிர்ப்பக்கத்துக் கதை உண்டு. பாஸ் பதுங்கும் ஹைட்ரில்லா என்னும் பாசி, 1950களில் மீன்தொட்டி அலங்கார வியாபாரத்தின் வழியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்து, தெற்கு மாநிலங்களெங்கும் பரவிய அயல் தாவரம். தூண்டில்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், படகோட்டிகள் சபிக்கிறார்கள்.

டெக்ஸஸில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதில்தான் நான் என் படகு நண்பர்களோடு ஒத்துப்போவதில்லை. இடைப்பட்ட அளவைக் காக்கும் விதி, 16 அங்குலம் வரை உள்ள மீன்களை மக்கள் எடுத்துச் சாப்பிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல் கட்டப்பட்டது. சிறிய மீன்கள் குறைந்தால்தான் மிஞ்சியவற்றுக்கு இரை போதும், அவை விரைவாக வளரும். ஆனால் இங்கே விடுவது ஒரு மார்க்கமாகவே ஆகிவிட்டது. 13 அங்குலப் பாஸை ஒருவர் வைத்துக்கொண்டால் படகுத்துறையில் அவரை ஏதோ கொலைகாரரைப்போலப் பார்க்கிறார்கள். மீன்வளத் துறையினரே சிறியதை எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்லியும் கேட்பவர் குறைவு. மேலும், சாப்பிடுவதற்கும் சிறியதே நல்லது. வயதான பெரிய மீனின் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். கிழக்கு டெக்ஸஸின் கேடோ ஏரியில் லார்ஜ்மவுத் பாஸை அளவோடு உண்ணும்படி சுகாதாரத் துறையின் அறிவிப்பு இருக்கிறது.

ஆகவே அன்று பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிக் கரையோரம் சிறிய மீன்கள் கொத்தத் தொடங்கியதும், ஒவ்வொன்றையும் அளந்து, 13 அங்குலத்தில் ஒன்றும் 14 அங்குலத்தில் இரண்டும் தொட்டியில் போட்டேன். மூன்றாவது மீன் உள்ளே விழுந்ததும் அப்பா எட்டிப் பார்த்தார். நான்காவதை அவரே பலகையில் வைத்து, வாலைச் சேர்த்து அழுத்தி, 16க்கும் சற்று மேலே நிற்பதைக் கண்டு, வாயைத் திறக்கச் செய்தால் குறையுமா என்று கேட்டார். குறையாது, கூடத்தான் செய்யும் என்றேன். ஒரு கணம் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு அவரே அதைத் தண்ணீரில் விட்டார்.

வீட்டில் அம்மா மூன்று மீனையும் துண்டாக்கி, புளியைக் கூட்டிக் கரைத்துக் குழம்பு வைத்தார். வெள்ளைச் சதை, முள் அதிகம் இல்லை. விராலின் இறுக்கம் இதில் இல்லை என்பது அப்பாவின் தீர்ப்பு. மறுநாள் காலையில் பழைய குழம்பை இட்லிக்கு ஊற்றிக்கொண்டபோது அந்தத் தீர்ப்பைச் சற்றே திருத்திக்கொண்டார். மீன்பிடிக்க எடுத்தது ஒருநாள் உரிமம் என்றால் இன்றைக்குச் செல்லாதா என்றும் கேட்டார்.